நியூஜெர்சிப் பள்ளியில் நர்ஸ் ஏன் இத்தனை படிவம் கேட்கிறார்?

கேள்வி இதுதான்: கோவையிலிருந்து ஒரு குடும்பம் ஆகஸ்டில் நியூஜெர்சியின் எடிசனுக்குக் குடிபெயர்கிறது. மகன் 2014-இல் பிறந்தவன், ஆறாம் வகுப்பில் சேரப் போகிறான், ஆஸ்துமா உண்டு. மகள் 2018-இல் பிறந்தவள். பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சலில் நர்ஸுக்கென்றே ஒரு கட்டுப் படிவங்கள். “ஊரில் தடுப்பூசி ஒன்று விடாமல் போட்டிருக்கிறோம், பிறகு எதற்கு இவ்வளவு? பையனின் இன்ஹேலரைப் பையில் வைத்து அனுப்பினால் போதாதா? வீட்டு விஷயத்தை நர்ஸிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம்?” என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

நான் இந்த மாநிலத்தில் பள்ளி நர்ஸாக வேலை பார்ப்பவள். இதே கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் என் மேசைக்கு வரும். ஆகஸ்டிலேயே கேட்டது நல்லது.

முதலில், நர்ஸ் என்பவர் இங்கே யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைக்குத் தலைவலி என்றால் ஆசிரியர் ஓய்வறை பெஞ்சில் படுக்க வைப்பார்கள், யாராவது ஓர் ஆசிரியை கைப்பையிலிருந்து பாதி மாத்திரை எடுத்துக் கொடுப்பார், அதற்கும் அடங்கவில்லை என்றால் அப்பாவுக்குப் போன் போகும். இங்கே ஒவ்வொரு பள்ளி மாவட்டமும், அதாவது ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமும், சான்று பெற்ற பள்ளி நர்ஸை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பதிவு பெற்ற நர்ஸாக இருப்பது மட்டும் போதாது, பள்ளி நர்ஸுக்கெனத் தனியாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியிருக்க வேண்டும். இன்சுலின் போடுவது, வலிப்பு வந்த பிள்ளையைப் பார்ப்பது, குழாய் வழியாக உணவு கொடுப்பது எல்லாம் அவர் வேலை. முழங்கால் சிராய்ப்புக்குப் பிளாஸ்திரி ஒட்டுவது இடையிடையே நடக்கும்.

இந்த வேலை பிறந்த கதையைச் சொன்னால் படிவங்களின் நோக்கம் பாதி புரிந்துவிடும். 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் வந்து பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். கண்ணில் டிரக்கோமா, தலையில் பேன், உடம்பில் படர்தாமரை என்று கண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. அனுப்பப்பட்ட பிள்ளை மாலையில் அதே வகுப்புத் தோழர்களுடன் தெருவில் விளையாடும். ஹென்றி ஸ்ட்ரீட் குடியிருப்பில் ஏழைகளுக்கு நர்ஸிங் சேவை நடத்திவந்த லில்லியன் வால்ட், ஒரு மாதச் சோதனையாக லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை 1902 அக்டோபரில் நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். ரோஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டார். மாலையில் வீட்டுக்குப் போய்த் தாய்மாருக்குச் செய்முறை காட்டினார். ஓராண்டுக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. அன்றிலிருந்து எங்கள் வேலை ஒன்றுதான்: பிள்ளையை வகுப்பறையில் இருக்க வைப்பது. நீங்கள் நிரப்பித் தரும் ஒவ்வொரு படிவமும், உங்களை அலுவலகத்திலிருந்து ஓடி வரச் சொல்லாமல் நான் ஏதாவது செய்வதற்கான அனுமதி. படிவம் இல்லையென்றால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைக்கூட நான் செய்ய முடியாது.

இனித் தடுப்பூசி. அமெரிக்காவில் பள்ளித் தடுப்பூசியை மாநிலம்தான் தீர்மானிக்கிறது. டெக்சாஸில் இருக்கும் உங்கள் நாத்தனார் சொல்வது நியூஜெர்சிக்குப் பொருந்தாமல் போகலாம். “எல்லாம் போட்டாயிற்று” என்பது இந்திய அட்டவணைப்படி உண்மை. ஆனால் இரண்டு அட்டவணைகளும் சில இடங்களில் ஒட்டாது.

தட்டம்மை ஊசியைப் பாருங்கள். நம் அரசு அட்டவணையில் இருப்பது எம்ஆர்: தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். பொன்னுக்கு வீங்கி எனப்படும் தாளம்மைக்கான மருந்து எம்ஆரில் இல்லவே இல்லை. நியூஜெர்சி கேட்பது தட்டம்மைக்கு இரண்டு தவணை, தாளம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஒவ்வொன்று. ஆகவே அரசு அட்டவணைப்படி மட்டும் போட்ட பிள்ளைக்கு, இந்த மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் பள்ளிக் கணக்கு நேராகிவிடும். தனியார் குழந்தை மருத்துவரிடம் காட்டியவர்களின் அட்டையில் எம்எம்ஆர் ஏற்கெனவே இருக்கும். தேதியை மட்டும் பாருங்கள்.

சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை. இங்கே முதல் பிறந்தநாளுக்குப் பிறகு ஒரு தவணை கட்டாயம். பிள்ளைக்கு அம்மை போட்டு முடிந்திருந்தால் ஊசிக்குப் பதிலாக அதைப் பெற்றோரே எழுதிக் கொடுக்கலாம், நியூஜெர்சி ஏற்கும். ஊரிலேயே போடுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமி ஊசிகள். இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். நடுவில் பத்து நாள், இருபது நாள் விட்டுப் போட்டால் இரண்டாவது ஊசி செல்லாது. விமானம் ஏறும் அவசரத்தில் இந்தப் பிழை நிறைய நடக்கிறது.

போலியோ கதை இன்னும் விசித்திரம். உங்கள் வீட்டிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு முடிவு வரும். 2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சொட்டு மருந்தை மாற்றினார்கள். அதற்கு முன் அதில் மூன்று வகைப் போலியோ கிருமிகளுக்கும் தடுப்பு இருந்தது, பிறகு இரண்டு வகைக்கு மட்டும். 2016 ஏப்ரல் 1 முதல் போட்ட சொட்டு மருந்தை அமெரிக்க வழிகாட்டுதல் கணக்கில் சேர்ப்பதில்லை. 2014-இல் பிறந்த மகன் குழந்தையாக இருந்தபோது விழுங்கிய சொட்டுகள் செல்லும். 2018-இல் பிறந்த மகளுக்குப் போலியோ முகாமில் எத்தனை முறை போட்டிருந்தாலும் அது செல்லாது; அவளுக்கு முழு அளவில் ஊசியாகப் போட்ட போலியோ மருந்து (ஐபிவி) மட்டுமே எண்ணப்படும். தனியார் மருத்துவமனையில் ஆறு நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி போட்டிருந்தால் அதில் ஐபிவி இருக்கும், அட்டையில் தேடுங்கள். ஏழு வயது முடிந்த பிள்ளைக்கு நியூஜெர்சி மொத்தம் மூன்று தவணை கேட்கிறது.

ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசியின் டிபிடி பகுதி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) அப்படியே செல்லும், கவலையில்லை. அதிலுள்ள ஹெபடைடிஸ் பி பகுதியில்தான் சிக்கல். கடைசித் தவணை குழந்தைக்கு 24 வாரம் ஆன பிறகு இருக்க வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல்; நம் அட்டவணையோ 14-ஆவது வாரத்தோடு முடிந்துவிடுகிறது. இங்குள்ள மருத்துவர் இன்னொரு தவணை சொன்னால் இதுதான் காரணம். ஊசிக்குப் பதில் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்துக் காட்டவும் வழி உண்டு. தட்டம்மை, தாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு ஆய்வக அறிக்கையை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் பல சமயம் பரிசோதனைச் செலவு ஊசிச் செலவைத் தாண்டும்.

மகன் ஆறாம் வகுப்பு என்பதால் டிடாப் (டிபிடியின் அதே மூன்று நோய்களுக்குப் பெரிய பிள்ளைகளுக்கான ஊசி), மூளைக்காய்ச்சல் ஊசி இரண்டும் வரும். பத்து வயதில் ஊரில் டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஊசி) போட்டிருந்தால் அந்தத் தேதியைக் கட்டாயம் காட்டுங்கள். அப்படிப்பட்ட ஊசி போட்டு ஐந்தாண்டு ஆகும்வரை டிடாப் போடச் சொல்லிப் பள்ளி கட்டாயப்படுத்தாது. கக்குவான் இருமலுக்கான தடுப்பு டிடியில் இல்லை என்பதால் மருத்துவர் முன்கூட்டியே போடச் சொல்லலாம். அது உங்களுக்கும் அவருக்கும் இடையில்.

அட்டையில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாம் 05/08/2019 என்றால் ஆகஸ்ட் ஐந்து. இங்கே அது மே எட்டு. பிறந்தநாளை ஒட்டிப் போட்ட ஊசியில் இந்த மூன்று மாதக் குழப்பம் ஒரு நல்ல தவணையைச் செல்லாததாக்கிவிடும்.

எல்லாம் முடியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆவணம் காட்ட ஒரு முறை மட்டும் 30 நாள் அவகாசம் தரலாம் என்று விதியே சொல்கிறது. அதன் பிறகு, தேவைப்படும் ஒவ்வொரு ஊசியிலும் குறைந்தது ஒரு தவணை போட்டு, மீதியை முறைப்படி போட்டுவந்தால் தற்காலிகச் சேர்க்கையில் வைத்திருக்கலாம். காப்பீடு இன்னும் தொடங்கவில்லை என்றால், காப்பீடு இல்லாத 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1994 முதல் கூட்டரசு இலவசமாகத் தடுப்பூசி மருந்து தருகிறது. உள்ளூர்ச் சுகாதாரத் துறையில் கேட்டால் இடம் சொல்வார்கள். விசா எந்த வகை என்று பள்ளி நர்ஸ் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டார்.

காசநோய்ப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மக்கள் அதிகம் புண்படுவது இதில்தான். காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து முதல் முறையாக அமெரிக்கப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை கேட்பார்கள். தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் முறை ஒன்று, இரத்தப் பரிசோதனை ஒன்று. நம் பிள்ளைகள் எல்லோர் தோளிலும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு இருக்கிறது. அந்த ஊசியால் தோல் பரிசோதனை தவறாகத் தடித்துக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, அலைச்சல், அழுகை. முதலிலேயே இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். எம்எம்ஆர் போடும் அதே நாளில் இரத்தம் எடுத்துவிடுங்கள், அல்லது நான்கு வாரம் பொறுங்கள். நடுவில் எடுத்தால் முடிவை நம்ப முடியாது.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். பையில் வைத்து அனுப்பக் கூடாது. இன்ஹேலர் மட்டுமல்ல, எந்த மருந்தும். டோலோ, குரோசின், இருமல் சிரப், ஓமியோபதி உருண்டை, தலைவலித் தைலம் எல்லாமே பள்ளிக் கணக்கில் மருந்து. ஒரு பாராசிட்டமால் மாத்திரையை உங்கள் மகன் நண்பனுக்குக் கொடுத்தால், ஊரில் அது உதவி. இங்கே முதல்வர் அறைக்கு அழைக்கப்பட வேண்டிய விவகாரம். பள்ளியில் ஒரு மருந்து கொடுக்க மருத்துவரின் எழுத்து மூல உத்தரவு, பெற்றோரின் எழுத்து மூல அனுமதி, மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய அசல் பாட்டில் மூன்றும் வேண்டும். பெரியவர் ஒருவர் நேரில் கொண்டுவந்து தர வேண்டும். ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக. வகுப்பாசிரியர் நல்ல மனத்தோடுகூட மாத்திரை கொடுக்க முடியாது. கடுமையான ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசிக்கு மட்டும், நர்ஸ் இல்லாத நேரத்தில் போடுவதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருப்பார்கள். சர்க்கரை மிகக் குறைந்தால் போடும் குளுக்ககானுக்கும் அப்படியே.

உங்கள் மகனுக்கு வேண்டியது ஆஸ்துமா சிகிச்சைத் திட்டம் என்ற ஒரு பக்கப் படிவம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதி. பச்சையில் அன்றாட மருந்து; மஞ்சளில் இருமலோ இழுப்போ தொடங்கினால் என்ன செய்வது; சிவப்பில் எப்போது 911 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பது. இதில் கோவை மருத்துவரின் கையெழுத்து போதாது, இங்கு உரிமம் பெற்றவர் போட வேண்டும். புதிய நோயாளிக்குக் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் விமான டிக்கெட் உறுதியானதுமே முன்பதிவு செய்யுங்கள். ஊர் மருத்துவரிடம் ஒரு சுருக்கக் கடிதம் வாங்கிவாருங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது, எதனால் கிளம்புகிறது. அதில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். அஸ்தாலின் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. சால்பியூட்டமால் என்றாலும் ஒரு கணம் விழிப்பார்கள், ஏனெனில் இங்கே அதன் பெயர் ஆல்பியூட்ரால். பாராசிட்டமாலும் இங்கே அசிட்டமினோஃபென் ஆகிவிடும்.

ஆறாம் வகுப்புப் பையன் இன்ஹேலரைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு, அவனுக்குச் சரியாகப் பயன்படுத்தத் தெரியும் என்று மருத்துவர் எழுத வேண்டும், நீங்கள் ஒப்ப வேண்டும். என் ஆலோசனை: ஒன்று அவனிடம், ஒன்று ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) நர்ஸிடம். இந்த வயதில் பிள்ளைகள் மற்றவர் பார்க்கிறார்கள் என்று இன்ஹேலரை எடுக்கக் கூச்சப்படுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் புதிய இடத்தில் அந்தக் கூச்சம் இன்னும் கூடுதல். குளிர் தொடங்கும்போது ஆஸ்துமா கிளம்பும், உடற்பயிற்சி வகுப்பில் ஓடச் சொல்வார்கள். முதல் வாரத்தில் அவனை என்னைப் போன்ற ஒருவரிடம் நேரில் அறிமுகப்படுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆஸ்துமா படிப்பையோ விளையாட்டையோ பாதிக்கிறது என்றால், 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்படி, அவனுக்கு வேண்டிய வசதிகளைப் பள்ளி செய்து தருவதற்கான ஒரு திட்டம் எழுதித் தரும்படி பள்ளியை எழுத்தில் கேட்கலாம். அதைக் கேட்பது பிள்ளைக்கு முத்திரை குத்துவதாக நம் பெற்றோர் தயங்குகிறார்கள். தேவையில்லாத தயக்கம்.

மருத்துவப் பரிசோதனைப் படிவம், கடந்த 365 நாளுக்குள் செய்த பரிசோதனையைக் கேட்கிறது. விளையாட்டு அணியில் சேர்வதற்குத் தனிப் படிவம். இரண்டையும் ஒரே சந்திப்பில் முடித்துவிடுங்கள்.

காய்ச்சலில் பெற்றோருக்கும் நர்ஸுக்கும் அடிக்கடி மனக்கசப்பு. 100 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பும். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்த பிறகுதான் திரும்ப வரலாம். வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதே 24 மணி நேரம். அம்மைக்குக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும்வரை; மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டோம் என்பது கணக்கில் வராது. காலையில் மருந்து கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தணியும், பதினொரு மணிக்குப் பிள்ளை என் கட்டிலில் இருக்கும், காலையில் என்ன குடித்தாய் என்று கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. பேனுக்கு இந்தக் கடுமை இப்போது வேண்டியதில்லை. ஒரு ஈறுகூட இருக்கக் கூடாது என்ற பழைய விதியைக் கைவிடச் சொல்லிக் குழந்தை மருத்துவர் சங்கமே பரிந்துரைக்கிறது. ஊரிலிருந்து ஒரு நல்ல பேன் சீப்பு கொண்டுவாருங்கள், இங்கே கிடைப்பது அதன் கால்தூசி பெறாது.

அவசரத் தொடர்புக்குக் கோவையில் இருக்கும் தாத்தாவின் எண்ணை எழுதாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பள்ளிக்கு வரக்கூடிய இருவர் வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது என்றால் கணவரின் அலுவலக நண்பர் குடும்பம் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். எடிசனில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை.

சாப்பாட்டுப் பெட்டியிலும் கொஞ்சம் கவனம். வகுப்பில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் கடலைச் சட்னிக்குத் தடை வரலாம். நாம் மறப்பது எள்ளை: இட்லிப் பொடி, நல்லெண்ணெய், எள்ளுருண்டை. 2023 முதல் எள்ளும் அமெரிக்காவில் முக்கிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. பிறந்தநாளுக்கு வீட்டில் செய்த கேசரி, லட்டு கொண்டுபோவதைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. பென்சில், அழிப்பான் கொடுத்துவிடலாம்.

பள்ளியில் ஆண்டுதோறும் உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்போம். கண், காது, முதுகெலும்பு வளைவு குறிப்பிட்ட வகுப்புகளில், வயதுகளில். கண்ணாடி தேவை என்று சீட்டு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை ஆங்கிலம் புரியாத பிள்ளை என்று தவறாக நினைத்துவிடுவார்கள்.

வீட்டு விஷயத்தை எந்த அளவுக்குச் சொல்வது என்று கேட்டீர்கள். பள்ளி நர்ஸின் பதிவுகள், மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தின் கீழ் வருகின்றன. பெற்றோர் கேட்டால் பார்க்கலாம், வெளியாருக்குக் காட்ட உங்கள் ஒப்புதல் வேண்டும். பள்ளிக்குள் பிள்ளையின் பாதுகாப்புக்குத் தேவையானவர்களுக்கு, உதாரணமாக உடற்பயிற்சி ஆசிரியருக்கு, ஆஸ்துமா பற்றித் தெரிவிப்போம். வலிப்பு, இதயக் கோளாறு, நடந்த அறுவை சிகிச்சை, தினமும் எடுக்கும் மருந்து, நாட்டு மருந்து உட்பட, எதையும் மறைக்க வேண்டாம். பெண் பிள்ளை என்பதால் வலிப்பை மறைத்த குடும்பங்கள் உண்டு. படியில் விழும் நாளில் அதன் விலை தெரியும். மகள் கொஞ்ச நாள் கழித்து வயிற்றுவலி என்று தினமும் நர்ஸ் அறைக்கு வரலாம். புதிய நாட்டில், புதிய மொழியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏக்கம் வயிற்றில்தான் இறங்குகிறது. அப்போது பாட்டியைப் பிரிந்து வந்தவள் என்பது எனக்குத் தெரிந்திருந்தால் அவளிடம் பேசும் பேச்சே வேறு.

பூசி மெழுகாமல் ஒன்று சொல்கிறேன். நியூஜெர்சியில் பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமாக எண்ணும் யாரும் அதை அரசுக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். நர்ஸுக்கு இதில் விருப்பம் என்று ஒன்று கிடையாது. ஸ்கேல் தடம், கன்னத்தில் விரல் பதிந்த வீக்கம், நெற்றியில் போட்ட சூடு எதையும் நான் பார்த்துவிட்டு “நம் ஊர்ப் பழக்கம்தானே” என்று விட முடியாது, தமிழச்சியாக இருந்தாலும்.

ஆங்கிலம் சரளமாக வராத பாட்டி, தாத்தா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவையுங்கள். போனில் மொழிபெயர்ப்பாளரை இணைத்துப் பேச வழியிருக்கிறது, கட்டணம் கிடையாது. பதினொரு வயது மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் இழுப்பைப் பற்றி அவனே பாட்டிக்குச் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுவான்.

பள்ளி நர்ஸ்களில் பெரும்பாலோர் பத்து மாத ஊழியர்கள். ஜூலையில் மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராமல் போகலாம், அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். படிவங்களை மாவட்டச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பள்ளிக்குப் போன் செய்து நர்ஸ் எந்த நாள் இருப்பார் என்று கேளுங்கள். அன்றைக்குத் தடுப்பூசி அட்டையின் அசலோடும் இன்ஹேலரோடும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கால் மணி நேரம் போதும்.